கூட்டினால் எட்டு வரும் டவர்

போன வாரம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. காட்பாடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், என்னோடு வேலை பார்த்த கலைவாணி பேசியது. அனுப்பியவர் முன்பு எங்களுக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர். ‘நம்ம கலை மேடம் பின்னிட்டாங்க, பாருங்க’ என்று எழுதி, கைதட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தார். வீடியோவுக்குத் தலைப்பு ‘ஆம்பூர் டவர் மர்மம்’. அந்த மர்மத்தைக் கண்டுபிடித்தவள் நான்.

வீடியோவை நான் இன்னும் திறக்கவில்லை. அவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்று தெரிவதற்கு முன்னால், நடந்ததை என் கையால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், இளைய நண்பர்கள் வற்புறுத்தியதால் எழுதுகிறேன் என்று ஆரம்பிப்பது வழக்கம். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. கேட்க நினைத்தவர்கள் எல்லோரும் அவளைப் போய்க் கேட்டுவிட்டார்கள். நான் எழுதுவது பொறாமையால்தான். என் வீட்டுக்காரர் இதற்கு ‘வயித்தெரிச்சல்’ என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். எல்லோருக்கும் ஒரே மாதிரி மர நாற்காலி போட்ட இடத்தில் இருந்தவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

என் பெயர் சகாயமேரி. அப்பா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். நான் வேலூரில் டிப்ளமா முடித்துத் தொலைபேசித் துறையில் சேர்ந்தேன். சென்னையில் பயிற்சி, பிறகு சில வருஷம் கேபிள் பள்ளங்களின் ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றது, மொபைல் வந்ததும் டவர் அலைவரிசைகளைப் பார்க்கும் ரேடியோ பிரிவு. அந்தக் காலத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல இருப்பதெல்லாம் இஸ்மாயில் சார் எங்களுக்கு அதிகாரியாக வந்த பிறகுதான்.

அவர் வாணியம்பாடிக்காரர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். பையில் இரண்டு போன் வைத்திருப்பார். ஒன்று பேசுவதற்கு. இன்னொன்று பழைய பட்டன் போன். அதில் ஏதோ ரகசிய எண்ணை அடித்து, டவர்களின் அலைவரிசை எண் திரையில் தெரியும்படி செய்திருந்தார். எங்களுக்கும் ஆளுக்கொன்று அப்படிச் செய்து கொடுத்தார்.

புகார் வந்தால் அவர் காகிதத்தைப் படிக்க மாட்டார். மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

“நான் போன்,” என்பார். “இப்பதான் கடையிலேர்ந்து வாங்கியாந்திருக்கீங்க. பட்டனை அழுத்திட்டீங்க. நான் முதல்ல இன்னா பண்ணுவேன்?”

“டவரைக் கூப்பிடுவீங்க சார்,” என்று முதல் நாள் நான் சொன்னேன்.

கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். “மாட்டேன் மேடம். எந்த நம்பர்ல கூப்பிடுறதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? வாயே திறக்க மாட்டேன். காதைத் தீட்டிக்கினு உக்காந்திருப்பேன்.”

அன்று படிப்படியாக அவர் சொல்லிக்கொடுத்தது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். போனைச் செய்த கம்பெனி, இந்த இந்த அலைவரிசைகளில்தான் உன்னால் கேட்கவும் பேசவும் முடியும் என்று அதற்கு ஒரு எல்லை போட்டிருக்கும். அந்த எல்லைக்குள் போன் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுக்கொண்டே போகும். எங்கே பலமாகக் கேட்கிறதோ அங்கே நிற்கும். ஒவ்வொரு டவரும் ஒரு எண்ணில் தன் பெயரையும் தன் கம்பெனிப் பெயரையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். போன் அதைக் கேட்டு, சிம்மிடம் காட்டும்.

“இப்ப சிம் இன்னா சொல்லும்?” என்றார்.

“எந்த அலைவரிசைன்னு சொல்லும் சார்.”

“அதான் இல்ல. ஊரே அப்டித்தான் நெனச்சிக்கினு இருக்குது. சிம்முக்குத் தெரிஞ்சது, நான் யாரு, எந்தக் கம்பெனி ஆளு, அவ்ளோதான். இது நம்ம டவர், இங்க நில்லுன்னு சொல்லும். நம்மளுது இல்லன்னா, அடுத்ததைக் கேளுன்னு சொல்லும். போன தடவை எங்க நின்னோம்னு கொஞ்சம் ஞாபகம் வச்சிருக்கும், தேடுற வேலை கம்மி ஆவும். எந்த நம்பர்ல பேசணும்னு உத்தரவு போடுறது டவர் மட்டும்தான்.”

நாம் ஒருவரை அழைக்கும்போது போன் அந்த டவரைப் பார்த்து, வகுப்பில் பிள்ளைகள் கை தூக்குவதுபோல ஒரே ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும். டவர் பதிலுக்கு, இந்த எண்ணில் பேசு, உன் முறை வரும்போது பேசு, இவ்வளவு பலமாகப் பேசு என்று சொல்லும். பேச்சு நடக்கும்போதே, அக்கம்பக்கத்து டவர்களின் எண்களைக் கொடுத்து, அவை எப்படிக் கேட்கின்றன என்று சொல்லிக்கொண்டே இரு என்று கேட்கும். போன் சொல்லும். ஏதாவது ஒன்று நன்றாகக் கேட்டால், அங்கே மாறிக்கொள் என்று அனுப்பிவைக்கும். இப்படித்தான் நாம் நடந்துகொண்டும் பஸ்ஸில் போய்க்கொண்டும் பேசுகிறோம்.

ஆம்பூர் பஜாரில் இதெல்லாம் யாருக்கு வேண்டும். பேச்சு அறுந்தால் சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்துத் திரும்பப் போடுவார்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கடைக்காரர் புது சிம் கொடுப்பார். பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இருக்காது.

இஸ்மாயில் சார் போனாக உட்கார்ந்துவிட்டால், சொல்லாத எதையும் செய்ய மாட்டார். நாம் ஒரு படியைத் தாண்டிப் பேசிவிட்டால் அப்படியே அசையாமல் இருப்பார். டீ ஆறிப்போகும். விட்ட படி எது என்று நாமாகக் கண்டுபிடித்துத் திரும்பி வர வேண்டும். எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். என்னைத் திட்டாமல் வேர்க்கவைத்தவர் அவர் ஒருவர்தான்.

கலைவாணி எங்கள் பிரிவுக்கு வந்தது இதற்குப் பிறகு. அணைக்கட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். வந்த கொஞ்ச நாளிலேயே சார் அவளை ‘வாம்மா கலை’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். என்னை அன்றைக்கும் ‘வாங்க மேடம்’தான், ஓய்வு பெறும் வரைக்கும் ‘வாங்க மேடம்’தான். நான் ஒரு படியை விட்டால் மௌனம். அவள் விட்டால் சார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துச் சிரிப்பார்.

அவளுக்குப் பேச்சு வரும். சார் போன் என்றால் அவள் டவராகவே ஆகிவிடுவாள். எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, “யாருப்பா அது, நம்ம வூட்டுப் புள்ளையா, பக்கத்து வூட்டுப் புள்ளையா? எங்க, சிம்மைக் காட்டு!” என்பாள். அறை முழுக்கச் சிரிக்கும், சாருக்குத் தோள் குலுங்கும். நான் சொன்னதும் அதே விஷயம்தான், ஒரு எழுத்துக் குறையாமல் சொல்லியிருப்பேன். ஒருவரும் சிரித்ததில்லை. மத்தியானம் அவள் டிபன் டப்பாவைத் திறந்தால் எல்லோரும் கையை நீட்டுவார்கள். அவளுடைய எலுமிச்சை சாதம்கூட என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

இந்த நிலையில் சாருக்குப் பதவி உயர்வில் சென்னைக்கு மாற்றல் வரும் என்ற பேச்சு கிளம்பியது. அவர் போனால் ரேடியோ பிரிவின் பொறுப்பு யாருக்கு என்பதை அவர்தான் பரிந்துரைக்க வேண்டும். தகுதியில் இருந்தது இரண்டு பேர், நானும் அவளும். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எந்த டவருக்கு எந்த எண் என்று முடிவு செய்கிற இடம் அது. சார் இல்லாத நேரத்தில் அவர் அறைக்குப் போய் மின்விசிறியை நிறுத்துகிற சாக்கில் நான் அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்ததுண்டு.

எண் கொடுப்பது சாதாரண வேலை இல்லை. ஒரு கம்பெனிக்கு அரசாங்கம் கொடுக்கும் எண்கள் கொஞ்சம்தான். டவர்களோ நிறைய. ஆகவே ஒரே எண்ணை இரண்டு மூன்று டவருக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். ஒன்றின் சத்தம் மற்றதற்குக் கேட்காத தூரத்தில் அவற்றை வைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். அதற்கு மேல், ஒரே எண் உள்ள டவர்களைப் பிரித்து அடையாளம் காண ஒவ்வொரு டவருக்கும் கலர் கோடு என்று ஒரு சின்ன எண்ணும் சேர்த்துக் கொடுப்போம். இப்போது வந்திருக்கும் டவர்களில் இந்தத் தலைவேதனை பெரும்பாலும் இல்லை. மெஷினே அக்கம்பக்கம் பார்த்து அடையாளம் கொடுத்துக்கொள்கிறது. நாங்கள் அதை மேப்பில் கலர் பென்சிலால் குறித்துக் குறித்துச் செய்தோம்.

அப்போதுதான் அந்த ஷூ கம்பெனிப் புகார் வந்தது. ஆம்பூருக்கு வெளியே, மூன்று மாடிக் கட்டடம். லைனில் தைக்கிற பெண்களின் போன்கள் கேட்டிலேயே பெட்டிக்குள் போய்விடும். சூப்பர்வைசர்களும் ஆபீஸில் இருப்பவர்களும் மட்டும்தான் மேலே பேசுவார்கள். மேல் மாடியில் ஜன்னல் பக்கம் போனால் பேச்சு அறுந்துபோகிறது. ‘பையர்’ என்று அவர்கள் சொல்கிற, வெளிநாட்டில் தோல் பொருள் வாங்குகிறவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அறுகிறது. கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் புது சிம் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். இனியும் சரியாகாவிட்டால் எல்லா இணைப்பையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். “சென்னைக்குப் போறதுக்கு முன்ன இது முடியணும். யார் முடிச்சாலும் சரி,” என்றார். எனக்கு அது நாற்காலியைக் காட்டிச் சொன்னதுபோல் இருந்தது.

முதலில் கலைவாணி போனாள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு டவர் இருந்தது. ஊருக்குள்ளே பஜாரில் இன்னொன்று, அதன் எண் அறுபத்துமூன்று. பேச்சு பஜார் டவருக்கு மாறும்போதுதான் அறுகிறது என்பதை அவள் கண்டுபிடித்தாள். ஆகவே தப்பு பஜார் டவரில்தான் என்று முடிவு கட்டி, அதன் கேபிளை மாற்றினாள், ஆன்டெனாவைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு நான் போனேன். நிர்மலா என்று ஒரு சூப்பர்வைசர் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார்.

“இங்க வரைக்கும் நல்லாக் கேக்குது மேடம். தோ, இந்த மிஷினைத் தாண்டுனா கட். ஒரே பேஜாரு. பையர் லைன்ல இருந்தா எங்க மேனேஜர் சொவத்தைப் பாத்துக்கினுதான் பேசுறாரு.”

நான் ஜன்னல் ஓரமாக நின்று என் பழைய போனைப் பார்த்தேன். அறுபத்துமூன்று நன்றாக, மிக நன்றாகக் கேட்டது. அதுதான் எனக்கு உறுத்தியது. பஜார் இருப்பது கட்டடத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் எத்தனை சுவர். இந்த ஜன்னலுக்கு நேரே இருப்பது ஜவ்வாது மலையின் ஓரம் மட்டும்தான். வெளிச்சம் வருகிற பக்கம் வேறு, விளக்கு இருக்கிற பக்கம் வேறாக இருக்க முடியுமா?

பஜார் டவரில் ஓர் ஆளை நிறுத்தி அதைக் கொஞ்ச நேரம் அணைக்கச் சொன்னேன். நான் ஜன்னலில் நின்றேன். “ஆஃப் பண்ணிட்டேன் மேடம்,” என்று அவர் லேண்ட்லைனில் சொன்னார். நான் கையில் இருந்த போனைப் பார்த்தேன். பஜார் டவர் செத்துக் கிடக்கிறது. என் திரையில் அறுபத்துமூன்று உயிரோடு இருக்கிறது, கலர் கோடும் அதேதான்.

நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பயந்துபோய், “இன்னா மேடம், ஷாக் அடிக்குதா?” என்றார்.

விஷயம் இதுதான். மலைமேல் எங்கேயோ, அதே கலர் கோடோடு, இன்னொரு அறுபத்துமூன்று இருக்கிறது. உயரத்தில் இருப்பதால் அதன் சத்தம் இந்த ஜன்னலுக்கு நேராக வந்து விழுகிறது. போன் உண்மையாகத் தன் டவரிடம், அறுபத்துமூன்று நன்றாகக் கேட்கிறது என்று சொல்கிறது. டவருக்குத் தெரிந்த அறுபத்துமூன்று பஜாரில் இருப்பது. அங்கே போ என்று அனுப்பிவிடுகிறது. போன் அங்கே போய்க் கதவைத் தட்டினால், பஜார் டவருக்கு அது கேட்பதே இல்லை. பேச்சு அறுந்துபோகிறது. இதில் போன்மேலும் தப்பில்லை, சிம்மேலும் தப்பில்லை, பஜார் டவர்மேலும் தப்பில்லை.

ஆனால் எங்கள் பிளானில் மலைமேல் அறுபத்துமூன்று கிடையாது. அங்கே புதிதாகப் போட்ட டவருக்கு அறுபத்திரண்டு என்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன். கேட்டில் டிரைவர் யாரிடமோ, “மேடத்தோட மலைக்குப் போறோம், வர சாயங்காலம் ஆவும்,” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

டவர் நின்றது முனுசாமி என்பவரின் நிலத்தில். நான் போய் நின்றதும் போன் திரையில் அறுபத்துமூன்று பளிச்சென்று வந்தது. முனுசாமி மோர் கொண்டுவந்து கொடுத்தார். இந்த டவரின் எண்ணை யாராவது மாற்றினார்களா என்று கேட்டேன். அவருக்கு அதைச் சொல்வதில் ஒரே பெருமை.

“நான்தாம்மா மாத்தச் சொன்னேன். என் வண்டி நம்பரு, வூட்டு நம்பரு, போன் நம்பரு ஒண்ணுலயும் கூட்டினா எட்டு வராது. எட்டு நமக்கு ஆவாது. இங்க வேல செஞ்ச ஆளு பேச்சுவாக்குல, இந்த டவரு நம்பரு அறுபத்திரெண்டுன்னான். ஆறும் ரெண்டும் இன்னா? எட்டு! என் நெலத்துல எட்டா? கரெண்டு கம்பம் நட வுட மாட்டேன்னுட்டேன்.”

“அப்புறம்?”

“ஒரு அம்மா வந்தாங்க. நல்ல சிரிச்ச மொகம். அண்ணா, உங்களுக்கு இன்னா நம்பரு வேணும்னு கேட்டாங்க. கூட்டினா ஒம்போது வரணும்னேன். இவ்ளோதானா, இதுக்கா சண்டை போட்டீங்கன்னு சிரிச்சிட்டு, யாருக்கோ போன் போட்டு மாத்திக் குடுத்தாங்க. அணைக்கட்டுப் பக்கமாம்.”

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. இன்னொரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தேன். கலைவாணி ஒரு நிலக்காரரின் மனசைக் குளிரவைக்கப் போய், மாற்றியதைப் பிளானில் ஏற்றவும் மறந்து, தானே உண்டாக்கிய கோளாறைத் தேடிப் பஜாரில் கேபிள் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பில் நான் பாடிக்கொண்டே வந்தேன். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் சாரிடம் எப்படிச் சொல்வது என்று முழுவதும் ஒத்திகை பார்த்து வைத்தேன். ‘நான் போன்’ என்று அவர் கண்ணை மூடுவார். நான் அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஜன்னலில் நிறுத்தி, மலைச் சத்தத்தைக் கேட்கவைத்து, பஜாருக்கு அனுப்பி, அங்கே அறுந்துபோகவிடுவேன். கடைசியில், “மாத்துனது யாருன்னு தெரியுமா சார்?” என்று கேட்பேன். அந்த ஒரு இடத்தில் அவர் கண்ணைத் திறந்தே ஆக வேண்டும்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். நான் போனபோது சார் அறையில் கலைவாணி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் சாருடைய கைக்குட்டை. எதிரே டீ.

“வாங்க மேடம்,” என்றார் சார். “அந்த மலை டவர் மேட்டர்தானே? கலை எல்லாத்தையும் சொல்லிட்டா. நான்தான் சார் மாத்தினேன், எழுத மறந்துட்டேன்னு காலங்காத்தால வந்து நிக்கிறா.”

“நான் நேத்து மலைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன் சார்,” என்றேன்.

“தெரியும் மேடம். நல்லது.”

அவ்வளவுதான். அவளிடம் திரும்பினார். “அழாதம்மா. எத்தினி பேரு தப்பு பண்ணிட்டு வாயைத் திறக்காம ரிட்டயர் ஆய்ட்டான். நீ தானா வந்து சொன்னே பாரு, அது பெரிசு.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் ஆபீஸில் மருமகள் உடைத்தால்தான் மண்குடம். இல்லை, அதுவும் இல்லை, அவள் உடைத்ததற்கு ஆரத்தி எடுத்தார்கள். கண்டுபிடித்த நான் நின்றுகொண்டிருந்தேன், உடைத்தவள் உட்கார்ந்து டீ குடித்தாள். சார் அன்றைக்கு ‘நான் போன்’ என்று சொல்லவே இல்லை. என் ஒத்திகை வீணாகப் போனது.

மலை டவருக்குப் புது எண் தேடிக் கொடுத்தது நான்தான். ஐம்பத்துநான்கு. முனுசாமிக்காகக் கூட்டினால் ஒன்பது வரும்படியே பார்த்தேன். அன்று மாலை நிர்மலா போனில் பேசிக்கொண்டே மிஷினைத் தாண்டி, ஜன்னலைத் தொட்டு, வெளியே தலையை நீட்டி, “கட் ஆவல மேடம், கட்டே ஆவல!” என்று கத்தினார். அந்தச் சத்தம் எனக்குப் போதும் என்று சொல்வதற்கு ஆசையாகத்தான் இருக்கிறது. போதவில்லை.

நாற்காலி கலைவாணிக்குப் போனது. சார் சென்னைக்குக் கிளம்பிய அன்று நான் நேராகவே கேட்டேன். ஏன் சார் நான் இல்லை?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க நல்லா வேலை செய்றீங்க மேடம். ஆனா சேர்ல உக்கார்றவங்க, தப்பு நடந்தா யாரும் கேக்காமலே வந்து சொல்லணும். அன்னிக்கி கலைக்கு இன்னா அவசியம்? அவதான் மாத்துனான்னு எனக்குத் தெரியாது. அவளே வந்தா.”

அந்தப் பதிலோடு நான் மீதிக் காலத்தை ஓட்டினேன். அவள் எனக்கு அதிகாரி. ஒரு நாள்கூட அதட்டியதில்லை, லீவு கேட்டால் மறுத்ததில்லை. அதுதான் இன்னும் மோசம். கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு, நேற்று அந்த வீடியோவைப் பார்த்தேன்.

அவள் மேடையில் கண்ணை மூடி, ‘நான் போன்’ என்று ஆரம்பித்தாள். சாருடைய வித்தையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஷூ கம்பெனி, ஜன்னல், எட்டு எல்லாம் வந்தது. பஜார் டவரை அணைத்துப் பார்த்ததைச் சொல்லும்போது, “அது எனக்குத் தோணல. சகாயமேரின்னு என் கூட வேலை செஞ்ச லேடிக்குத்தான் தோணுச்சு,” என்றாள். மறைப்பாள் என்று நினைத்துத்தானே நான் இத்தனை எழுதினேன். அவள் மறைக்கவில்லை. கொடுப்பதிலும் அவள்தான் முதல் என்று எனக்கு எரிந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, “நீங்களாவே போய் ஒத்துக்கிட்டீங்களே மேடம், பயமா இல்லையா?” என்று கேட்டாள்.

கலைவாணி மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பயத்துலதாம்மா ஒத்துக்கிட்டேன். முந்தின நாள் சகாயம் ஜீப் எடுத்துக்கினு மலைக்குப் போறாள்னு கேட்ல டிரைவர் சொன்னாரு. அப்பதான் அந்த எட்டு எனக்கு ஞாபகமே வந்துச்சு. அவ மலைக்குப் போனா கண்டுபிடிக்காம எறங்க மாட்டா. அவ வாயால சாருக்குத் தெரியறதுக்கு முன்ன நானே சொல்லிடலாம்னு ஓடினேன். என்னைப் பெரிய அரிச்சந்திரின்னு நெனச்சிக்காதீங்க.”

அரங்கம் முழுக்கக் கைதட்டியது. கேமரா முன்வரிசைக்குத் திரும்பியது. இஸ்மாயில் சார் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வழுக்கை, அதே முழுக்கைச் சட்டை. யாரும் கேட்காமலே அவளே வந்தாள் என்றுதானே நாற்காலியைக் கொடுத்தார். அது அப்படி இல்லை என்று அவர் காதாலேயே கேட்டுவிட்டார். எல்லோரையும்விட அவர்தான் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே.

எனக்கு அழுகை வந்தது. ‘கண்டுபிடிக்காம எறங்க மாட்டா’ என்கிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வேலைக் காலம் முழுவதும் சார் வாயிலிருந்து வரும் என்று நான் காத்திருந்த வார்த்தை அது. அதையும் இவள்தான் சொல்ல வேண்டுமா. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கலைவாணி.

“பாத்தியா சகாயம்?”

“இல்ல. வீடியோ ஓட மாட்டேங்குது. இங்க சிக்னல் இல்ல.”

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. “சத்துவாச்சாரில உன் ஜன்னலுக்கு எதிர்லயே டவர் நிக்குது. அதுக்கு நம்பர் குடுத்ததே நான்தான். கூட்டினா எட்டு வர்ற மாதிரி தேடிக் குடுத்தேன். உன்மேல அவ்ளோ கடுப்பு எனக்கு அப்ப.”

“என்மேலயா? உனக்கு இன்னா கடுப்பு? சேர் உனக்கு, வாம்மா கலை உனக்கு.”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “அதான். எனக்கு வாம்மா, போம்மா, அழாதம்மா. நான் சேர்ல உக்காந்தப்புறமும் சென்னையிலேர்ந்து போன் போட்டா, எந்த டவர் தகராறுன்னாலும் சகாய மேடத்தைக் கேட்டியாம்மான்னுதான் கேப்பாரு. ஒரு நாளாவது என்னை வாங்க மேடம்னு சொன்னாரா? அன்னிக்கி காலேஜ்ல மேடையிலேர்ந்து எறங்குறேன், கையைப் புடிச்சிக்கினு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘சகாய மேடம் வரலியாம்மா’ன்றாரு.”

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் அந்த டவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“கேட்டீங்களா? அவளுக்கும் வயித்தெரிச்சலாம்.”

ராத்திரிக்கு எலுமிச்சை சாதம் செய்தேன். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.